வீடு, வாசல், கண்: மூன்று நாவல்களை முன்வைத்து

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் நம்மவர்கள் கூடுமிடத்தில் அந்த நாவலின் பேரை எடுத்தால், வாசித்தவரும் வாசிக்காதவரும் சொல்வது ஒரே குற்றச்சாட்டைத்தான்: "வீட்டுக்குள்ள நடக்கிறத ரோட்டுக்குக் கொண்டு வந்துட்டா."

இந்த வசனத்தை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க, நாவலைப் பற்றி எழுதப்பட்ட பல மதிப்புரைகளைவிட இந்த வசனம் நாவலுக்குக் கிட்டவாக நிற்கிறது என்றே படுகிறது. சொல்கிறவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறார். ஆனால் அவர் வாயில் வருவதெல்லாம் இடங்கள். வீடு என்று ஓர் உள், ரோடு என்று ஒரு வெளி, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, அந்தக் கோட்டைத் தாண்டிய ஒருத்தி. சல்மாவின் நாவலும் இந்தக் கோட்டைப் பற்றியதுதான். கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது, யார் போட்டது, அதன் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்தில் எவ்வளவு தெரியும் என்பதே அதன் கதை. குற்றம் சாட்டுகிறவர் தன்னை அறியாமலே நாவலின் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இடம் என்பதை நாம் நாவல் வாசிப்பில் கணக்கில் எடுப்பதில்லை. உயர்தர வகுப்பில் கதைக்கரு, பாத்திரவார்ப்பு, மொழிநடை, பின்னணி என்று தலைப்புப் போட்டுத்தான் நாவல் படிப்பிக்கிறோம். பின்னணிக்குக் கிடைப்பது கடைசி நாலு வரி. "டீச்சர், பின்னணி கேட்டா ஊர்ப் பேரையும் காலத்தையும் எழுதினாப் போதும்தானே?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். புள்ளி எடுப்பதற்கு அது போதும்தான். ஆனால் அதே பிள்ளைக்கு முந்திய பாடவேளையில் அகத்திணை படிப்பித்திருக்கிறோம். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று அவள் பாடமாக்கியிருக்கிறாள். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்தார். மரமும் பறவையும் தொழிலும் அதற்குப் பின்னால் வந்தன. அந்த நிலத்தில் நிற்கிற மனதுக்கு என்ன நேரும் என்பதும் அதோடு ஒட்டியே வந்தது. இருத்தலுக்கு முல்லை, இரங்கலுக்கு நெய்தல். இடம் மாறினால் உணர்ச்சியே மாறும் என்று இலக்கணம் எழுதிய மொழியில், நாவல் என்று வந்ததும் இடத்தை மேடைக்குப் பின்னால் தொங்கும் சீலையாக்கிவிட்டோம். 'பின்னணி' என்ற சொல்லே அந்தச் சீலையைத்தான் ஞாபகமூட்டுகிறது.

மூன்று நாவலாசிரியர்கள் வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்கலாம். மூவரும் முஸ்லிம்கள், மூன்று வீடுகளும் முஸ்லிம் வீடுகள். ஒருவர் மலையாளத்தில் எழுதியவர் என்றாலும் தமிழில் பரவலாக வாசிக்கப்படுகிறவர்.

மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரானிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசில் தொடராக வந்து 1988இல் நூலானது. அந்த நாவலில் ஆட்கள் வீட்டின் திசையோடு சேர்த்துத்தான் அழைக்கப்படுகிறார்கள். அகமதுக்கண்ணு முதலாளி வெறும் முதலாளி அல்ல, 'வடக்கு வீட்டு' முதலாளி. திசை என்பது இங்கே அதிகாரத்தின் முகவரி. வடக்கு வீடு, பள்ளிவாசல், கடற்கரை என்று ஊருக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. ஒவ்வொருவரும் அதில் எந்தப் புள்ளியில் நிற்கலாம், எதைத் தாண்டக்கூடாது என்பது ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சுறாப்பீலி விற்கும் மஹ்மூது எதிர்த்துப் பேசும்போது அவனுடைய சொற்கள் முதலாளியை அவ்வளவாகச் சுடவில்லை. நிற்கக்கூடாத இடத்தில் அவன் நிமிர்ந்து நிற்பதுதான் சுடுகிறது.

இந்த வரைபடத்துக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்று வரப்பார்க்கிறது. முதலாளி அதை எதிர்ப்பதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைக்கிறார். வாசகர் பலரும் இதைப் பழமைக்கும் புதுமைக்கும் நடந்த சண்டையாக எடுத்துக்கொண்டார்கள். அது பிழையில்லை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. யாருடைய பிள்ளையும் யாருடைய பக்கத்திலும் உட்காரக்கூடிய ஒரு வாங்கு ஊருக்குள் வரப்போகிறது. பள்ளிவாசலிலும் அப்படித்தானே இருக்கவேண்டும் என்று நாம் கேட்கலாம். மீரான் கேட்க விரும்பியதும் அதுவாகத்தான் இருக்கவேண்டும், அதை வாயால் சொல்லாமல் கட்டடங்களைக் கொண்டு கேட்டுவிட்டார். பாடத்திட்டத்தில் முதலாளிக்குப் பயமில்லை. அந்த வாங்குதான் அவரை மிரட்டுகிறது.

ஆனால் மீரானின் கண் எவ்வளவு கூர்மையானது என்று தெரிய 'சாய்வு நாற்காலி'க்குத்தான் போகவேண்டும். 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். முஸ்தபாக்கண்ணு, பெரிய தலைமுறை ஒன்றின் கடைசிக் கொழுந்து. தென்பத்தனில் சௌதா மன்ஸில் என்ற பழைய வீடு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் காலம்வரை நீளும் குடும்பப் பெருமை. இத்தனையும் வந்து முடிகிற இடம் ஒரு நாற்காலி. நாம் இங்கே சாய்மனைக் கதிரை என்று சொல்வது.

சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தவருக்கு என்ன தெரியும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தலை பின்னால் சாய்ந்திருக்கும். கண் முன்னே நிற்பவரின் முகத்துக்குப் போகாது, முகட்டுக்குத்தான் போகும். முகட்டில் இருப்பது மரம், மூதாதையர் கட்டிய மரம். எதிரே நிற்கும் மனைவி மரியம் பீவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நிமிர்ந்து உட்காரவேண்டும். முஸ்தபாக்கண்ணு நிமிர்வது சாப்பிடுவதற்கும் அடிப்பதற்கும்தான். அடிக்க அவரிடம் ஒரு பிரம்பு இருக்கிறது, அதற்கு 'அதபு பிரம்பு' என்று பெயர். ஒழுக்கத்தின் பேரால் வைத்த பெயர். அந்தப் பெயரை எழுதிவிட்டு மீரான் வேறெந்த விளக்கமும் தராமல் விட்டிருந்தாலும் எனக்குப் போதுமாயிருந்திருக்கும்.

நாவலின் அசைவு எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். கதாநாயகன் எங்கும் போவதில்லை. உட்கார்ந்தே இருக்கிறார். உட்கார்ந்திருக்கும் மனிதனை வைத்துப் பெரிய நாவல் எழுதுவது எளிதான காரியமில்லை. மீரான் அதற்கு ஒரு வழி கண்டார். மனிதன் அசையாவிட்டால் வீட்டை அசைய வைப்பது. நாக்கு ருசிக்காக வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு வாசலைத் தாண்டி வெளியே போகின்றன. சாதாரணமாக நாவலில் வீட்டை வர்ணிப்பவர் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவார்: இங்கே கட்டில், அங்கே அலமாரி. மீரானிடம் ஒரு பொருள் துலங்கித் தெரிவது அது வீட்டை விட்டுப் போகிற நேரத்தில். விலை பேசும்போதுதான் அதன் வேலைப்பாடு நம் கண்ணில் படுகிறது, அதைச் செய்வித்தவரின் கதை வருகிறது. ஒவ்வொரு விற்பனைக்கும் பின்னால் வீட்டில் வெற்றிடம் ஒன்று கூடுகிறது, நாவலில் வரலாறு ஒன்று கூடுகிறது. வீடு காலியாகக் காலியாக நூல் தடிக்கிறது. இதைத்தான் நான் இடத்தால் கதை நடத்துவது என்கிறேன். சாமான்களை எடுத்துவிட்டால் அந்த நாவலில் சம்பவம் என்று சொல்ல அதிகம் மிஞ்சாது.

குறையும் சொல்லவேண்டும். சௌதா மன்ஸிலின் குசினியிலிருந்து வரும் வாசனையை நமக்குத் தெரிய வைத்த அளவுக்கு, குசினியில் நிற்பவளின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை மீரான் தெரிய வைக்கவில்லை. மரியம் பீவியின் துயரம் நமக்குத் தெரியும், மனதை அறுக்கும். ஆனால் அவளை நாம் பெரும்பாலும் பார்க்கிறோம், அவளிடத்தில் நின்று பார்ப்பது குறைவு. நாற்காலியைக் கண்டிக்கிற நாவலும் முக்கால்வாசி நேரம் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

பஷீரின் வீடு வேறு விதம். வைக்கம் முஹம்மது பஷீரின் 'எங்க உப்பாப்பாவுக்கொரு ஆனையிருந்தது' மலையாளத்தில் 1951இல் வெளிவந்த சிறிய நாவல். குஞ்ஞுபாத்தும்மா வசதியான வீட்டுப் பெண். அவளுடைய உம்மாவுக்குத் தன் தகப்பன் ஆனமக்காரின் யானையைப் பற்றிச் சொல்லி முடியாது. வழக்கொன்றில் தோற்று அந்தக் குடும்பம் பெரிய வீட்டை விட்டுச் சின்னஞ்சிறு வீட்டுக்குப் போகிறது. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அது வீழ்ச்சி. மகளுக்கு?

பெரிய வீட்டில் இருந்தவரை அவளுக்கு வெளியே என்று ஒன்றில்லை. சின்ன வீட்டுக்கு வந்ததும் அவள் காற்றிலும் வெயிலிலும் நடக்கிறாள். குளம் இருக்கிறது, ஆம்பல் இருக்கிறது, குளத்தில் இறங்கினால் அட்டை கடிக்கிறது. அயலில் குடிவந்த படித்த குடும்பத்தின் பெண் ஆயிஷா எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். நிஸார் அஹமது என்ற இளைஞனைக் காண்கிறாள். சுவர் உயரமாக இருந்த வீட்டில் நடக்கவே முடியாதிருந்த கதை, சுவர் பதிந்த வீட்டில் தானாக நடந்துவிடுகிறது. பஷீர் இதை எங்கும் உரத்துச் சொல்லவில்லை. வீட்டை மாற்றினார், அவ்வளவுதான். பெண் தானாக நடந்து வெளியே வந்தாள்.

அந்த யானை என்னவாகிறது என்பது நம் இலக்கியத்தில் காட்சி ஒன்று கதையை முடித்துவைத்த மிக அழகான இடங்களில் ஒன்று. பிள்ளைகள் கேலி பண்ணுகிறார்கள்: உங்க உப்பாப்பாவின் ஆனை குழியானை! மணலில் சின்னக் கிண்ணம்போலக் குழி பறித்து அதன் அடியில் பதுங்கியிருக்கும் பூச்சிக்குத்தான் குழியானை என்று பெயர். கொம்பனானை ஒரே சொல்லில் மணலுக்குள் இறங்கிவிட்டது. குடும்பம் பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு வந்த அதே பாதையில் யானையும் வந்து சேர்ந்திருக்கிறது. நிஸார் அஹமது மட்டும் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டுவார். சுத்தம், சுகாதாரம், மரம் நடுதல் என்று அவர் பேசத் தொடங்கினால் சமூக சேவை அதிகாரி ஒருவர் கதைக்குள் புகுந்த மாதிரி இருக்கும். குளமும் அட்டையும் சொல்லி முடித்ததை அவர் ஏன் திரும்பவும் சொல்லவேண்டும்?

இனி சல்மா. இங்கே வீடு சிறுக்கவில்லை, சாமான்கள் வெளியே போகவில்லை. வீடு அப்படியே இருக்கிறது. அதுதான் பிரச்சினை. சிறுமி ராபியாவின் கண்ணோடு நாவலுக்குள் போகிறோம். அவளுக்குச் சின்ன வயது. அதனால் தெருவும் அடுத்த வீடும் தோழியின் வீடும் அவளுக்குத் திறந்திருக்கின்றன. அவள் ஓடுகிற ஓட்டத்தில் நமக்கு ஊரின் வரைபடம் கிடைத்துவிடுகிறது. அவளுடைய உம்மா ஸொஹ்ரா, பெரியம்மா ரஹிமா, சாச்சி ஃபிர்தவ்ஸ், மணம் முடிக்கப்போகும் வஹிதா ஆகியோருக்கு அந்த வரைபடத்தில் ஒரு வீடும் சில கதவுகளும்தான் உரித்து. ஒரே ஊரை ஒருத்தி கால்களால் அறிகிறாள், மற்றவர்கள் காதால் அறிகிறார்கள். நாவலில் பேச்சு ஏன் இவ்வளவு அதிகம் என்று குறைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வெளியே போகமுடியாத இடத்தில் ஊர்தான் பேச்சாக உள்ளே வரும். சிரிப்பும் ஆபாசமும் வம்பும் கலந்த அந்தப் பெண்களின் பகல்நேரப் பேச்சு, ஜன்னலுக்குப் பதிலாக அவர்கள் வைத்துக்கொண்டது.

தலைப்பையும் பார்க்கவேண்டும். இரவை நான்கு ஜாமமாகப் பிரித்தால் இரண்டாவது முடிவது நடுச்சாமத்தில். வீடு, தெரு என்று இடம் எதையும் தலைப்பில் வைக்காமல் ஏன் பொழுதை வைத்தார்? தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. நிலம் பூட்டப்பட்டால் மிஞ்சுவது பொழுதுதான். பகல் முழுக்க மற்றவர்களுக்குச் சொந்தமான அதே அறை, நடுச்சாமத்தில் வேறு அறையாகிவிடுகிறது. சிலருக்கு அது பயம், சிலருக்கு அவமானம், ஃபிர்தவ்ஸுக்கு மட்டும் ஒரு வாசல். அவளுக்கும் அயலில் உள்ள சிவாவுக்கும் இடையில் ஏற்படும் உறவு நாவலை அதன் முடிவுக்கு இழுத்துப் போகிறது. அந்த முடிவை வாசிக்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

இந்த இடத்தில்தான் "ரோட்டுக்குக் கொண்டு வந்துட்டா" என்ற குற்றச்சாட்டுக்கு நான் திரும்பவேண்டியிருக்கிறது. சங்க அகப்பாடல்களில் இற்செறிப்பு என்று ஒரு துறை. தலைவியை வீட்டை விட்டு வெளியே விடாமல் தாய் காவல் வைப்பது. ஊரில் அலர் எழுகிறது, தாய்க்குச் சந்தேகம் வருகிறது, மகள் வீட்டுக்குள் செறிக்கப்படுகிறாள். அதன்பிறகு இரண்டே வழி: வரைவு அல்லது உடன்போக்கு. அலரும் காவலும் உடன்போக்கும் பல்கலைக்கழகத்தில் நாம் ரசித்துப் படித்தவை, பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுத்தவை. கபிலர் குறிஞ்சி நிலத்துப் பெண்களை அவமானப்படுத்திவிட்டார் என்று ஒருவரும் எழுந்து சொன்னதில்லை. சல்மாவின் நாவலில் காவலுக்கு இருக்கும் வீட்டிலிருந்து ஒருத்தி கண்ணால் பார்க்கிறாள், ஊரில் பேச்சு எழுகிறது, ஃபாத்திமா என்ற பெண் மாற்றுமதத்து ஆணோடு போய்விடுகிறாள், பின்னால் நின்றவர்கள் தண்டனையைச் சுமக்கிறார்கள். துறை மாறவில்லை. சங்கப் பாட்டில் பேர் சொல்லாத தலைவி, இங்கே ஃபிர்தவ்ஸ் என்று நம் வீட்டுப் பெயரோடு வந்துவிட்டாள். சுடுவது அந்தப் பெயர்.

நம்முடைய ஆதங்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம்மைப் பற்றி வெளியில் ஏற்கனவே ஓர் எண்ணம் இருக்கிறது. அதற்குத் தீனி போடுகிற மாதிரி எழுதினால் கூட இருந்து கைதட்ட ஆளிருக்கும். சல்மாவின் நாவலை அப்படிக் கைதட்டி வாசித்தவர்களும் உண்டு. அவர்களும் நம்மில் கோபப்பட்டவர்களும் ஒரே பிழையைத்தான் விட்டார்கள்: இரண்டு பக்கத்தாரும் நாவலிலிருந்து சம்பவங்களைப் பொறுக்கி எண்ணினார்கள், சம்பவங்கள் நடந்த அறைகளை விட்டுவிட்டார்கள். அறைகளைப் பார்த்திருந்தால் ஒன்று விளங்கியிருக்கும். அந்த வீட்டில் மார்க்கம் போட்ட கோடு எது, ஊர் போட்ட கோடு எது, மேசன் கட்டின சுவர் எது என்று பிரித்துப் பார்க்க நாவல் இடம் தருகிறது. எல்லாக் கோட்டையும் மார்க்கத்தின் பேரில் எழுதிவைத்தது அந்த ஊர்தான், நாவல் அல்ல. சல்மா இதை அனுபவித்து அறிந்தவர். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்கில் இருந்து எழுதியவர் என்பது பலரும் அறிந்த விஷயம்.

நாவலாக அதில் எனக்குக் குறை இல்லாமலில்லை. பாத்திரங்கள் ஏராளம். யார் யாருக்கு என்ன முறை என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் நான் முதல்தடவை வாசித்து முடித்தேன். ஆண்கள் பெரும்பாலும் வாசலில் செருப்புச் சத்தமாக வருகிறார்கள், கடையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மீரானிடம் குசினி இருட்டாக இருந்ததுபோல சல்மாவிடம் கடைத்தெரு இருட்டாக இருக்கிறது. ஆனால் இந்த இருட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. பார்க்கிற கண் நிற்கும் இடத்திலிருந்து கடைத்தெரு தெரியாதுதானே.

இலங்கைக்கு வருவோம். நம் நாட்டின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் அறிஞர் சித்திலெவ்வை. 1885இல் வந்த 'அசன்பே சரித்திரம்' எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கிறது. கண்டியில் பிறந்த அவர் கண்டியில் ஒரு வீட்டைக் கட்டவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கே வந்திருந்த காலம், எகிப்து அன்றைக்கு நம்மவர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. உம்மத்தின் பரப்பை ஒரு கதைக்குள் கொண்டுவரவேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அதற்குப் பின் வந்த நாவல்கள் பலவற்றிலும் நம் வீடு ஏனோ சரியாகக் கட்டப்படவில்லை. ஊர்ப் பெயர் இருக்கும், பேச்சுவழக்கு இருக்கும், ஆறும் வயலும் வரும். வீட்டுக்குள் போனால் 'ஹோல்' ஒன்றும் 'அறை' ஒன்றும். அந்த அறையை அப்படியே தூக்கித் தமிழ்நாட்டிலோ கொழும்பிலோ வைத்தாலும் கதை கெடாது. ஷர்மிளா ஸெய்யிதின் 'உம்மத்' வேறு வகை: தவக்குல், யோகா, தெய்வானை என்ற மூன்று பெண்களும் போருக்குப் பிந்திய கிழக்கில் வெளியே வந்தவர்கள், அந்த நாவல் தெருவையும் அலுவலகத்தையும் பார்க்கிற நாவல். வீட்டைக் கட்டுவது அதன் வேலையல்ல.

இத்தனைக்கும் கிழக்கிலங்கை முஸ்லிம் வீடு, நாவலாசிரியருக்கு மீரானுக்கும் சல்மாவுக்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பு. சல்மாவின் வீட்டில் பெண்கள் புருஷன் வீட்டுக்கு வந்தவர்கள். ஸொஹ்ராவும் ரஹிமாவும் சகோதரர்களை மணந்து ஒரு வீட்டுக்குள் சேர்ந்தவர்கள். நம்மிடம் தலைகீழ். வீடு சீதனமாகப் பெண்ணின் பேரில் எழுதப்படுகிறது, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருகிறார். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மகள் குமரானதும் அதையும் கொடுத்துவிட்டு இன்னொன்று. மூன்று குமர்களைக் கரைசேர்த்த வாப்பா, தன் சொந்த வளவுக்குள்ளேயே மூன்று தடவை குடிபெயர்ந்திருப்பார், ஒவ்வொரு தடவையும் முன்னிலும் சின்ன வீட்டுக்கு. பஷீரின் குடும்பத்துக்கு வழக்கில் தோற்று நேர்ந்தது, நம்மூர் வாப்பாவுக்குக் கடமையை நிறைவேற்றி நேர்கிறது. வீட்டின் உறுதி மனைவி பேரில், விறாந்தைக் கதிரை புருஷன் பேரில். உரிமை ஒருவரிடமும் அதிகாரம் இன்னொருவரிடமும் உள்ள வீட்டில் ஒரு சண்டை எப்படி நடக்கும்? யார் யாரை வெளியே போ என்று சொல்லமுடியும்? சொல்லாமல் இருக்கிறார்கள் என்றால் ஏன்? இந்தக் கேள்விகளுக்கு சௌதா மன்ஸிலில் விடையில்லை. இது நம் வளவுக்குள் மட்டும் எழுதக்கூடிய நாவல்.

இன்னொன்று வேலிப் பொட்டு. ராத்தா வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் நடுவில் கிடுகு வேலி, அந்த வேலியில் ஆள் நுழையுமளவு ஒரு பொட்டு. உப்பும் புளியும் கறிக்கோப்பையும் பிள்ளைகளும் செய்தியும் அதால்தான் போய்வரும். கடப்பால் வெளியே போனால் தெரு, ஆண்களின் கண், தலையில் முக்காடு. பொட்டால் போனால் அப்படியே போகலாம். ஒரு காலத்தில் பொட்டுக்குப் பொட்டாகப் போனாலே தெருவில் கால் வைக்காமல் குறிச்சியின் பாதி வீடுகளைச் சுற்றிவிடலாம். ஆண்களுக்குத் தெரிந்த தெரு ஒன்று, பெண்களுக்குத் தெரிந்த தெரு இன்னொன்று. மத்தியகிழக்குக் காசு வந்தது, வேலி போய் மதில் எழுந்தது. மதிலில் பொட்டு வைக்கமுடியாது. வசதி கூடிய அதே நாளில் ராத்தா வீட்டுக்குப் போக அபாயா போடவேண்டி வந்தது. இந்த மாற்றத்தை ஆய்வாளர்கள் புள்ளிவிபரத்தோடு எழுதலாம். ஆனால் மதில் கட்டி முடிந்த அன்று பின்னேரம், வழமைபோலக் கறிக்கோப்பையோடு பொட்டு இருந்த இடத்துக்கு வந்து நின்றவளின் முகத்தைக் காட்ட நாவலால்தான் முடியும்.

வடக்கின் வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் இதை விடமுடியாது. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டுப்போகக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். அந்த வருடத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அதைப் பற்றி நம்மிடம் கவிதைகள் உண்டு, கட்டுரைகளும் அறிக்கைகளும் உண்டு. அவற்றில் வீடு 'இழந்த வீடு' என்று ஒரே சொல்லாக வரும். புத்தளத்து முகாம்களில் பிறந்து இன்றைக்குத் தாங்களே தாய் தகப்பனாகிவிட்ட பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லுக்குள் என்ன தெரியும்? சோனகதெருவில் அந்த வீட்டின் கதவு எந்தப் பக்கம் திறந்தது, கிணத்தடிக்கு எத்தனை அடி, மழைக்குப் பின்னேரம் எந்த ஜன்னலில் வெளிச்சம் வரும், பெருநாளன்று பாய் எங்கே விரிப்பார்கள் என்பதெல்லாம் இன்னும் சிலருக்குத் தெரியும். அவர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும் வயதாகிறது. மீரான் சௌதா மன்ஸிலை ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்துக் காட்டியதுபோல, அந்த வீடுகளை ஒவ்வொரு சாமானாக உள்ளே எடுத்து வைக்கிற ஒரு நாவலை அவர்கள் இருக்கும்போதே யாராவது எழுதத் தொடங்கவேண்டும். கதைக்கரு பிறகு வரட்டும். முதலில் கதவு எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.